ஆந்தைக்கண்

“எவன்னு மட்டும் தெரியட்டும் அத்தை, கழுத்தை நெரிச்சுக் கொன்னுடுவேன்!”

மாப்பிள்ளை போனை மேசைமேல் வீசிய வேகத்தில் தொங்கிய ஹேங்கர்கள் ஆடின. லாண்டரிக் கடையின் மூலையில் பேன்ட்டுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்த தையல்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி மெஷினை மிதித்தார்.

அத்தை அயர்ன் பாக்ஸை நிறுத்தவில்லை. “மறுபடியும் போட்டிருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

“நீங்க பார்க்காதீங்க. உங்களால தாங்க முடியாது.”

ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் அது. தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்த இடத்தில், ‘ஆந்தைக்கண்’ என்ற பெயரில் யாரோ நுழைந்திருந்தார்கள். ஏரியில் பிணமாகக் கிடைத்த அத்தையின் மகளின் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள்.

எல்லாம் ஏஐ செய்து கொடுத்த படங்கள். ஏரிக்கரையில் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு மகள் சிரித்தபடி நிற்கிறாள். கீழே ஒரு வரி: ‘கணவன் வெளியூரில். இவள் யாருக்காகக் காத்திருந்தாள்?’

ஊரே காறித் துப்பியது. ‘நீயெல்லாம் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவனா?’ என்று கேட்காத ஆளில்லை. துப்பத் துப்ப அடுத்த படம் வந்தது.

“கால் வழுக்கி விழுந்ததாச் சொல்லி போலீசே ஃபைலை மூடிட்டாங்க. இவன் செத்தவளை விட மாட்டேங்கறான்.” மாப்பிள்ளையின் குரல் உடைந்தது. “இதுல என்ன சுகம் அத்தை? நாலு லைக்குக்காகவா இந்தப் பொழைப்பு?”

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். “லைக்குக்கா இருக்காது. யாராவது கோபத்துல வாயைத் திறக்கட்டும்னு போடறாங்களோ என்னவோ.”

“என்ன எழவோ! மன்றத்தை நடத்தறவங்களுக்கு நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க. பெத்த தாய் சொன்னா உடனே எடுத்துடுவாங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

“என்னன்னு எழுதறது?”

“எல்லாமே பொய்னு எழுதுங்க.”

“எது பொய்னு கேப்பாங்களே, மாப்பிள்ளை.”

“எதுதான் நிஜம்?” அவன் போனை எடுத்துப் படத்தை விரலால் குத்தினான். “இவ இப்படிச் சிரிச்சுக்கிட்டா நின்னா? இதுல சிவப்புக் கோட்டு வேற! ஒரு சாம்பல் கலர் கோட்டு, தோள்லயே நிக்காம தொளதொளன்னு, பார்த்தாலே பாவமா இருக்கும். அதைப் போய் சினிமாக்காரி மாதிரி பண்ணி வச்சிருக்கான் பாருங்க!”

அயர்ன் பாக்ஸ் காலர்மேல் அப்படியே நின்றது. துணி கருகும் வாடை எழுந்தது.

மகள் கடைசியாக வந்துபோன மாலையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. யாரோ வாங்க வராமல் விட்டுப்போன ஒரு கோட்டை எடுத்து, குழந்தைக்குப் போடுவதுபோலக் கழுத்துப் பட்டன்வரை மாட்டி, இதே கடையிலிருந்துதான் அத்தை அனுப்பி வைத்தாள். மறுநாள் தண்ணீரிலிருந்து எடுத்த உடம்பில் கோட்டு இல்லை. போலீசிடம் சொன்னதற்கு, அது எங்காவது அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். வேறு யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

“அந்தக் கோட்டை நீங்க எப்ப பார்த்தீங்க, மாப்பிள்ளை?”

“எப்பன்னா... அவகிட்ட இருந்ததுதானே?”

“நான் அன்னைக்குச் சாயங்காலம்தான் அவளுக்குக் கொடுத்தேன். நீங்க முந்தின நாளே வெளியூர் போயிட்டீங்க. அவளை எடுத்த பிறகுதான் வந்தீங்க.”

“போன்ல... போன்ல சொன்னா அத்தை. அம்மா ஒரு கோட்டு கொடுத்தாங்கன்னு.”

“அவ போன் இந்த மேசை மேலதான் கிடந்தது. சார்ஜ்ல போட்டவ மறந்துட்டுப் போயிட்டா.”

தையல் மெஷினின் சத்தம் நின்றது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது.

மாப்பிள்ளை வாசலைப் பார்த்தான், தையல்காரரைப் பார்த்தான். சட்டென்று ஏதோ பிடி கிடைத்தவன்போல முகம் மாறி, போனை அவள் கண்ணுக்கு நேராக நீட்டினான்.

“அத்தை, யோசிச்சுப் பாருங்க! அவ கோட்டு போட்டிருந்த விஷயம் இந்த ஆந்தைக்கண்ணுக்கு எப்படித் தெரியும்? அப்ப அவன் அங்க இருந்திருக்கான்! அவன்தான் என் பொண்டாட்டியைத் தண்ணியில அமுக்கியிருக்கான்! என்னைக் கேக்கறதை விட்டுட்டு முதல்ல அவனைப் பிடிங்க!”

தையல்காரர் எழுந்து போய் வாசலை மறித்து நின்றார். அத்தை அயர்ன் பாக்ஸைக் கையில் தூக்கினாள், கீழே வைக்கவில்லை. மகளைப் புதைத்த நாளிலிருந்து வராத கண்ணீர் இப்போது தாடைவரை வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கண்ணை அவன் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“ஆந்தைக்கண் நான்தான், மாப்பிள்ளை.”