உள்ளங்கையில் பட்ட மூச்சு

முகத்தைத் தூக்காமலே மூச்சு விட உதவும் ஸ்நார்க்கல் குழாயைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் எனக்கு மூச்சு விடவே வராது. பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் ஒரு மாதமாக மூச்சை அடக்கிக்கொண்டே சமாளித்துவந்தேன். அங்கே வயதில் மூத்தவன் நான். வெளியே சொல்ல வெட்கம்.

அன்று பயிற்சியாளர் தண்ணீருக்கு வெளியே நீண்டிருந்த ஒவ்வொருவரின் குழாய் முனை மீதும் உள்ளங்கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தார். என் முறை வந்தது. இருபது எண்ணும்வரை மூச்சை அடக்கிவிட்டு, மாட்டிக்கொண்டோம் என்று நிமிர்ந்தேன்.

“அருமை சார். எவ்வளவு நிதானமா மூச்சு விடறீங்க. எல்லாரும் இவரைப் பாத்துக் கத்துக்கோங்க.”

பெஞ்சில் இருந்த என் மனைவி கைதட்டினாள். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

உடை மாற்றும் அறையில், என் பைக்குள் குழாய் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆட்கள். யார் காதிலாவது விழுந்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். பைக்குள் கைகளை விட்டுக் குழாயின் இரு முனைகளையும் அழுத்தி மூடினேன். இளஞ்சூடான காற்று என் உள்ளங்கைகளை முட்டி முட்டிப் பார்த்தது. சற்று நேரத்தில் நின்றுவிட்டது.

அடுத்த வகுப்பில் என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதே குழாயைக் கடித்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் மூச்சு சுகமாகப் போய் வந்தது. குளத்தின் மறுகரை வரை நிமிராமலே நீந்தினேன். அங்கே பயிற்சியாளர் என் குழாயின் மேல் வெகுநேரம் கையை வைத்திருந்தார். பிறகு தோளைத் தட்டி எழுப்பி, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார்.

“ஏன் சார் நடிக்கிறீங்க? மூச்சே வரலையே.”

நான் கைகளைத் தண்ணீருக்குள் மறைத்துக்கொண்டேன்.