ராசியில்லாத துப்பாக்கி

"ஆறு வருஷமா எங்க அத்தானுக்கு ஒரு மான்கூட விழல. இந்த வருஷமும் விழலேன்னா என் தாடிய மழிச்சுக்கிறேன்!"

வேட்டைக் குடிலில் எல்லார் முன்னிலையிலும் என் மைத்துனன் ஆர்வோ சபதம் போட்டான். சுட வேண்டியவன் நான், தாடி அவனுடையது.

வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாள், என் துப்பாக்கியை மணல் மூட்டைமேல் கிடத்தி, குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பைச் சரிசெய்ய உட்கார்ந்தான். முதல் குண்டு குறியிலிருந்து ஓரடி தள்ளி விழுந்தது.

"இத வச்சுச் சுட்டா லாரிகூட தப்பிச்சிடும் அத்தான்!"

ஸ்கோப்பின் குமிழைத் திருகினான், சுட்டான், திட்டினான், மறுபடியும் திருகினான். குளிரில் விரல் விறைத்துப் போனது. சாயங்காலத்துக்குள், கண்ணாடியின் உருப்பெருக்கத்தை மூன்று மடங்கில் வைத்தாலும் ஒன்பது மடங்கில் வைத்தாலும் குண்டெல்லாம் ஒரே துளையில் விழுந்தன.

மறுநாள் காலை, எண்பது கஜத்தில் ஒரு பெரிய கொம்பன் மான் எங்களையே பார்த்து நின்றது. சுட்டேன். பக்கத்துப் பிர்ச் மரத்தில் பட்டை தெறித்தது. மான் நிதானமாக நடந்து போனது.

ஆர்வோ தொப்பியைக் கழற்றிப் பனியில் அடித்தான். "நேத்து ஒரே துளை! என்ன எழவு துப்பாக்கி இது?"

"ராசியில்ல மாப்ள" என்றேன்.

பருவத்தின் கடைசி நாள் தாடியை மழித்துவிட்டு, சிவந்த கன்னத்தைத் தடவினான். "அடுத்த வருஷம் புது ஸ்கோப்பே போட்டுடலாம் அத்தான்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் குடிலில் ஒரு விதி உண்டு: மானை வீழ்த்தியவன் அன்றைக்கே இறைச்சியோடு வீடு திரும்பி, கட்டிலை அடுத்தவனுக்கு விட வேண்டும். இரண்டு வாரச் சீட்டாட்டத்தை யார் விடுவார்கள்? அதனால், எல்லாரும் நீராவிக் குளியலுக்குப் போகும் நேரம் பார்த்து, வருஷா வருஷம் அந்தக் குமிழை ஒரு முழுச் சுற்று திருகிவைப்பேன்.