நீலக் கோடு

2019 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை. கொச்சி கடவந்திராவில் ஒரு படத்தொகுப்புக் கூடம். சர்வரிலிருந்து ஒரு காட்சியின் கோப்புகள் மேக் கணினிக்கு வந்துசேர அரை மணி நேரம் ஆனது. பக்கத்து விண்டோஸ் கணினிக்கு அதே கோப்புகள் மூன்று நிமிடத்தில் வந்தன.

மேக் திரையில், கோப்பு வந்த அளவைக் காட்டும் நீலக் கோடு நகரத் தொடங்கியதும் உதவித் தொகுப்பாளர் ஜின்ஸி கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் சாமான் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். பை இருந்த இடத்தில், மேசைமேல், ஈரமாக ஒரு தடம்.

"பார்த்தீங்களா?" கூடத்தின் முதலாளி ஜோப்பன் குரலைத் தாழ்த்தினார். "நீண்ட லீவு முடிஞ்சு ஜனவரியில வந்தா. வந்ததுலேர்ந்துதான் இந்த மேக் இப்படித் தவழுது. கோடு ஓடினா பையைத் தூக்கிட்டுப் போயிடுறா."

"கோடு ஓடும்போது எல்லாரும்தானே எழுந்து போறாங்க சேட்டா?" என்றான் சனோஜ். நெட்வொர்க் பார்க்க வந்தவன். இது மூன்றாவது வருகை.

அது ஜோப்பன் போட்ட சட்டம்தான். ஏப்ரலில் விஷுவுக்குப் படம் வெளியாக வேண்டும். சாயாவோ சிகரெட்டோ கழிப்பறையோ, நீலக் கோடு ஓடும்போது மட்டும்தான் நாற்காலியை விடலாம்.

"எல்லாரும் பையோட போறதில்லையே?"

சனோஜுக்குப் புரிந்தது. இதே கூடத்தில் தொகுத்த போன ஓணப் படத்தின் கிளைமாக்ஸ், தியேட்டருக்கு வருமுன்பே ஊரார் போன்களில் ஓடியது. சந்தேகத்தின் பேரில் ஜோப்பன் ஒருவனை வேலையைவிட்டு அனுப்பினார். அதன்பிறகு கொச்சியில் எந்தக் கூடமும் அவனைச் சேர்க்கவில்லை.

"சனோஜே, இன்னைக்காவது சரியாகுமா? இல்ல, மாசத்துக்கு ஒரு தடவை பழம்பொரி சாப்பிட வர்றியா?" விண்டோஸ் கணினியில் கிராபிக்ஸ் செய்யும் அஜ்மல் திரும்பாமலே கேட்டான். "இல்ல ஜோப்பன் சேட்டா, ஆப்பிள் மேக் விலைக்கு அது மெதுவாத்தான் நடக்கும். அதுதான் அதுக்கு மரியாதை."

சனோஜின் காது சூடானது. முதல் முறை சர்வரைக் குறை சொல்லியிருந்தான். இரண்டாம் முறை, மேக்கும் சர்வரில் ஓடும் லினக்ஸும் ஒன்றோடொன்று பேசும் முறையை மாற்றிப் பார்த்தான். மேக் ஒவ்வொரு ஃபோல்டரிலும் போட்டுவைக்கும் சின்னச் சின்ன மறைகோப்புகளைத் தடுத்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

இப்போது கேபிளைக்கூட மாற்றிவிட்டான். கடைசியாக, முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடத்தைத் திறந்தான். மேக்கின் நெட்வொர்க் வேகம், 'தானாக' என்று இருக்க வேண்டிய இடத்தில் நூறு என்று இருந்தது. ஆயிரத்தில் ஓட வேண்டியதை நூறில் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"கிடைச்சிடுச்சு!" அஜ்மலுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னான். "சேட்டா, இது பழுதே இல்ல. யாரோ வேணும்னே கையால மாத்தியிருக்காங்க. இந்த மெஷினோட பாஸ்வேர்டு இல்லாம இதைத் தொட முடியாது."

வேலைக்காக ஜின்ஸி சொல்லியிருந்த பாஸ்வேர்டைப் போட்டுச் சரிசெய்தான். நின்று நின்று நகர்ந்த நீலக் கோடு பாய்ந்து முடிந்தது.

அந்தப் பாஸ்வேர்டு கூடத்தில் ஜின்ஸியிடம் மட்டும்தான் இருந்தது.

ஜோப்பன் போய்ச் சாமான் அறைக் கதவை உள்ளங்கையால் தட்டினார். "ஜின்ஸி, வெளிய வா. பையோட வா."

"ரெண்டு நிமிஷம் சேட்டா…"

"இப்பவே!"

தாழ் விலகியது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியபடி வந்தாள். பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"எந்த டிஸ்க்ல ஏத்துற? யாருக்குக் கொடுக்குற?"

"டிஸ்க்கா? எனக்குப் புரியல சேட்டா."

"வேகத்தைக் குறைச்சது நீதானே?"

அவள் சனோஜைப் பார்த்தாள். பிறகு திரையை. பிறகு தரையை. "நான்தான்."

"பையைத் திற."

"வேண்டாம் சேட்டா. ப்ளீஸ், எல்லார் முன்னாலயும் வேண்டாம்."

ஜோப்பனே வாங்கி ஜிப்பை இழுத்தார். மேலே ஒரு துண்டு. அதன் கீழே ஐஸ் பைகள், கையால் அழுத்தும் ஒரு சிறிய பம்பு, மூடி போட்ட இரண்டு பாட்டில்கள். ஒன்றில் தாய்ப்பால் நிறைந்திருந்தது. மற்றதில் பாதிதான்.

அஜ்மல் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டான். அவன் திரையில் எதுவும் ஓடவில்லை.

ஜோப்பன் துண்டை எடுத்துப் பாட்டில்களை மூடினார். சரியாக மூடவில்லை. இன்னொரு முறை மூடினார்.

சனோஜின் கை இன்னும் மவுஸின் மேலேயே இருந்தது. யாரும் பார்க்காதபோது பழையபடி நூறில் வைத்துவிடலாமா என்று நினைத்தான். தன் குரல் அவ்வளவு சத்தமாக எதற்கு எழுந்தது என்றும் நினைத்தான்.

"மோளே," ஜோப்பன் பையை அவளிடம் நீட்டினார். "நானும் ரெண்டு பிள்ளைக்கு அப்பன்தானே? இதுக்குப் போய் மெஷின்ல கை வைக்கணுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

ஜின்ஸி பையை வாங்கி ஜிப்பை மூடினாள்.

"வந்த அன்னிக்கே அரை மணி நேரம் கேட்டேன் சேட்டா. கோடு ஓடும்போது போய்க்கோன்னு சொன்னீங்க."