வெளிக் கரண்டு வேண்டாத ஆலை

"தண்ணியிலேர்ந்து ஹைட்ரஜனைப் பிரிக்கவே கரண்டு வேணும் சார். அது கரண்டைச் சுமந்துட்டு வரும், பெத்துப் போடாது," என்றார் இன்ஜினியரம்மா.

"நல்ல நாளும் அதுவுமா வாயை வைக்காதீங்கம்மா!" என்று எரிந்து விழுந்தார் ஆலை மேலாளர்.

திறப்பு விழாவில் அமைச்சரிடம் அவர் அளந்து விட்டார்: "இனிமே எங்களுக்கு வெளிக் கரண்டே வேண்டாங்கய்யா. ஹைட்ரஜன் இருக்கு. தண்ணி ஊத்தினாப் போதும்!"

இன்ஜினியரம்மா கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

அமைச்சர் பொத்தானை அமுக்கினார். நேற்றே வெளிக் கரண்டில் பிரித்து நிரப்பி வைத்திருந்த ஹைட்ரஜனில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. கூரை அதிரக் கைதட்டினார்கள்.

அமைச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மைக்கைப் பிடித்தார்.

"பக்கத்து ஆஸ்பத்திரியில கரண்டு பத்தாம ஆபரேஷனைத் தள்ளிப் போடுறாங்க. இவங்களுக்குத்தான் வேண்டாமாமே! இந்த ஆலையோட லைனை இப்பவே அங்கே மாத்தச் சொல்லிட்டேன்."

மேலாளர் பதறிப்போய் ஜன்னலைப் பார்த்தார். லைன்மேன் பாதிக் கம்பம் ஏறியிருந்தார்.