பங்குக்காரி

"ஒரு பங்கு போதுங்கய்யா. அதுக்கு மேல வாங்க வக்கில்லை."

குப்பம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை மேசைமேல் வைத்தாள். கம்மலை விற்ற பணம். பாச்சலூரிலிருந்து இரண்டு நாள் நடந்து வந்திருந்தாள்.

திருமலைச்சாமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். வெள்ளிப்பாறை மின்சாரக் கம்பெனி நாலைந்து துரைமார் தங்களுக்குள் வைத்து நடத்துவது. அங்கே மேஸ்திரியாக இருந்த அவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாகச் சில பங்குகள் கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் வேலையை விட்டவர், இப்போது நாயுடுபுரம் வீட்டைக் காலி செய்துகொண்டு பழனிக்கு இறங்கப் போகிறார்.

"அஞ்சு வருசமா ஒரு தம்பிடி லாபம் இல்லை, தாயி. கம்பெனி இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு. இந்தக் காயிதம் பொட்டலம் மடிக்கக்கூட ஆகாது."

"லாபம் வேணாங்க. பங்கு இருந்தா வருசக் கூட்டத்துல உக்காரலாமாமே? உங்ககிட்ட விலைக்கு இருக்குன்னும் மளிகைக்கடை யாகூப் பாய் சொன்னாரு."

"உக்காரலாம். ஆனா வெளியாளுக்கு விக்க டைரக்டர்மார் ஒத்துக்கணும். வாங்க ஆளில்லாத பங்கு, ஒத்துக்குவாங்க."

அவர் பங்கு மாற்றும் பத்திரத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"குப்பம்மாள்."

"புருசன் பேரு?"

"நாச்சிமுத்து. இப்ப இல்லைங்க."

பேனா நின்றது. பிறகு மளமளவென்று எழுதிக் கையெழுத்தைப் போட்டார். பத்து ரூபாயை அவள் பக்கமே தள்ளினார்.

"சும்மாவே எடுத்துக்க, தாயி."

"வேணாங்கய்யா. சும்மா வாங்கினா சபையில வாய் தெறந்து கேக்க முடியாது."

"என்ன கேக்கப்போற?"

"எம் புருசன் கம்பத்துல ஏறி நிக்கையில கரண்டை விட்டது யாருன்னு கேக்கணும். இந்த மூணு வருசத்துல எத்தனையோ தடவை மலையேறி வந்துட்டேன். வெளியாளுக்குப் பதில் சொல்ல முடியாதுன்னு வாசல்லயே வெரட்டி விட்டுடுறாங்க. பங்குக்காரி கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

திருமலைச்சாமி தலை குனிந்து பேனாவை மூடினார். அவள் பத்திரத்தை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"கூட்டம் என்னைக்குங்க? வெள்ளனே வந்து உக்காந்துக்கிறேன்."

அவர் தலையைத் தூக்கவேயில்லை.

"கூட்டத்துக்குப் போகவேணாம், தாயி. விட்டது நான்தான்."