ரூட்டரில் ஒரு வரி கூடுதல்

"சார், இந்த ரூட்டர்ல ஒரு திருட்டு வழி இருக்கு!"

போளூரிலிருந்து சோதனைக்கு வந்த ரஞ்சித் இப்படிச் சொன்னதும், மலை மேல் சாமையும் புளியும் கொள்முதல் செய்யும் அந்த ஆபீசின் மேனேஜர் கோபால்சாமிக்கு டீ இறங்கவில்லை.

"இன்னாப்பா சொல்ற?"

"நம்ம தகவல் வி.பி.என்.னு ஒரு தனி வழியா போளூர் ஆபீசுக்கு மட்டும்தான் போவணும். யாரோ கூடுதலா ஒரு வரி எழுதியிருக்காங்க. வெளி மிஷின் ஒண்ணு நம்ம லைன்ல பூந்து எங்கியோ போவுது. ஆறு மாசமா!"

"சடையன்தான்! நம்ம ஆபீசுல அவன்தானே இந்த ரூட்டர் பொட்டியத் தொடுறவன். மாசம் பொறந்தா அதையே சுத்திச் சுத்தி வருவான். நான் அப்பவே நெனச்சேன்."

ஆபீஸ் பெருக்கும் செல்லி எட்டிப் பார்த்தாள். நிறைமாதக்காரி.

"சார், ரேஷன் வாங்கினு பத்து நிமிசத்துல வந்துடறேன்."

"போ, போ. அந்தச் சடையன வரச் சொல்லு."

சடையன் வந்தான்.

"யாருக்குடா லைன விக்கிற?"

"விக்கல சார்."

"அந்த மிஷின் யாருது?"

"சொன்னா அவரு வேலையும் பூடும் சார். என்ன வேணா தொரத்துங்க. இன்னிக்கு மட்டும் அத்த எடுக்காதீங்க."

"இன்னிக்கு இன்னாடா, பெரிய பார்ட்டியா? ரஞ்சித், எடு!"

ரஞ்சித் அழித்தான். சடையன் வெளியே போனான். அவனை வேலையை விட்டு நீக்கச் சொல்லி கோபால்சாமி புகார் எழுத உட்கார்ந்தார். பாவம் பார்க்கிற ஆளா அவர்?

ஒரு மணி நேரமாகியும் செல்லி திரும்பவில்லை. வெளியே ஒரே கூச்சல். ஜன்னலைத் திறந்தார்.

எதிர்ப் பாறையில் ஊரே ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் ரேஷன் கடை சின்னராஜ், கைரேகை மிஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து டவர் தேடிக்கொண்டு போனார்.

"ஆறு மாசமா கடையிலியே ரேகை விழுந்துச்சே! இப்ப இன்னாத்துக்குப் பாறையில ஏர்றாங்க?"

"நம்ம லைன்ல பூந்தது அந்த மிஷின்தான் போல, சார்." ரஞ்சித் அழித்த வரி இருந்த இடத்தையே பார்த்தான்.

கூட்டத்தின் கடைசியில் செல்லி, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்க வாங்க ஏறினாள். அவளுடைய பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே சடையன்.

கோபால்சாமி புகாரைக் கிழித்துப் போட்டார்.

"அந்த வரிய மறுபடி போடு. சீக்கிரம்!"

"யாரு போட்டதுன்னு போளூர்ல கேப்பாங்களே சார்?"

"கோபால்சாமி போட்டான்னு சொல்லு."