மோட்டார் சத்தம் கேட்காத கரை

“மோட்டார் எண்டால் மோட்டார்தான் அக்கா. சின்னது பெரிசு எண்டு சட்டத்தில இல்லை.”

“அது அவரின்ர மூச்சு, தம்பி. நிப்பாட்டி வைக்க அதென்ன ரேடியோவே?”

பாதைக் காவலன் நிரோஜன் சத்தத்தை அளக்கும் ஒலிமானியைச் சன்னலோரம் பிடித்தான். பிரான்சின் தோர்தோன் ஆற்றங்கரையின் சரளைப் பாதையில் இப்போது மோட்டார்களுக்குத் தடை; சைக்கிள்கள் மட்டுமே போகலாம். அப்படிப் போன யாரோ ஒருவர், சரளை நொறுங்கும் இனிய சத்தத்தை ஒரு வீட்டின் உறுமல் கெடுக்கிறது என்று முறைப்பாடு எழுதியிருந்தார். அந்த வீட்டில் சிவமலரின் கணவர் பிராணவாயு இயந்திரத்தின் குழாயை மூக்கில் மாட்டியபடி கிடந்தார்.

“ஊர்க்காரன் எண்டு கதவைத் திறந்தன். என்ர புத்தியைச் செருப்பால அடிக்க வேணும்.”

“ஊர்க்காரர் எண்டபடியால்தான் இதைக் கொண்டுவந்தனான்.”

அவன் கொண்டுவந்ததை மூடியிருந்த துணியை விலக்கினான். சைக்கிளைப் போல இருக்கையும் மிதிகளும் வைத்த இன்னொரு இயந்திரம். மிதித்தால் அதே பிராணவாயு வரும், சத்தம் வராது. நிறுத்தினால் இரண்டுமே வராது.

அவன் குழாயை அதற்கு மாற்றி, மோட்டாரின் வயரைப் பிடுங்குமுன்பே சிவமலர் ஏறி உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கிவிட்டாள். வெளியே நாலு பேர் சிரித்தபடி சைக்கிளில் போனார்கள். ஒருவன் சன்னல்வழியே அவளைப் பார்த்துத் தோழமையோடு கையசைத்தான்.

நிரோஜன் படிவத்தை நீட்டினான். “கையெழுத்து வையுங்கோ. நான் போகவேணும்.”

அவள் கைப்பிடியை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.

“வைக்க வேணுமெண்டால் நான் இறங்க வேணும்,” என்றாள். “வா, நீ ஏறி மிதி.”